ஏஜெண்டுக்கு எழுதிய கையேடு வேலை செய்கிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் சிங்கப்பூரில் நடக்கும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்த் துணைப்பாட வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் பற்றிச் சொல்லியிருந்தேன். நோட்டுப் புத்தகத்தில் இருந்ததை, இணையத்தில் இயங்கும் தரவுத்தளமான கிளவுட் டேட்டாபேஸுக்கு மாற்றினோம். வேலையை ஓர் ஏஐ ஏஜெண்டிடம், அதாவது சொன்ன வேலையைத் தானே செய்துமுடிக்கும் ஏஐ மென்பொருளிடம், கொடுத்தேன். அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மூன்று பக்கத்தில் ஒரு கையேடும் எழுதினேன். "கையேட்டைச் சோதித்துப் பார்த்த பிறகே பயன்படுத்தினேன்" என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த வரியைப் பற்றித்தான்: எப்படிச் சோதித்தீர்கள்? அதனால் இந்த மாதம் வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

*

கேள்வி: அக்கா, நான் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவள். ஏஐ எல்லாவற்றையும் படித்துவிட்டது என்கிறார்கள். அப்படியிருக்க அதற்கு எதற்குக் கையேடு?
— வாசகி, தெம்பனிஸ்

பதில்: படித்திருக்கிறது, உண்மைதான். நாங்கள் பயன்படுத்தும் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுத் திட்டம் அது; 1996இல் இன்றைய பெயர் வந்தது. அத்தனை ஆண்டுகளாக மக்கள் அதைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். சிக்கலே அங்கேதான். 2012இல் யாரோ கொடுத்த யோசனையும் போன வருடம் மாறிய முறையும் ஏஐயின் நினைவில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பழையது எண்ணிக்கையில் அதிகம் என்பதால் கை அந்தப் பக்கம்தான் போகும். அதோடு, நம் வீட்டு விஷயம் அதற்குத் தெரியாது. எந்த அட்டவணை உயிரோடு இருக்கிறது, எது பழைய நகல், எந்தப் பெற்றோர் எதைப் பார்க்கலாம் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த இரண்டு இடைவெளிகளை அடைக்கத்தான் கையேடு.

இப்போது இதற்கு 'ஸ்கில்' என்று பெயர் பரவியிருக்கிறது. ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் 2025 அக்டோபரில் அறிமுகப்படுத்திய வடிவம். ஒரு கோப்புறை, அதற்குள் ஸ்கில் டாட் எம்டி என்ற கோப்பு. கோப்பின் தலையில் பெயரும், "இது எந்த வேலைக்கு உதவும்" என்ற விளக்கமும் இருக்கும். ஏஜெண்ட் முதலில் அந்தத் தலைப்பகுதியை மட்டுமே பார்க்கும். வேலை பொருந்துகிறது என்று தோன்றினால்தான் கோப்பைத் திறந்து உள்ளே படிக்கும். ஆகவே விளக்கம் சரியில்லை என்றால் உள்ளே எவ்வளவு நல்லது எழுதியிருந்தாலும் அது ஏஜெண்டின் கண்ணில் படாது. என் முதல் கையேட்டுக்கு "டேட்டாபேஸ் வழிகாட்டி" என்று விளக்கம் கொடுத்திருந்தேன். "வருகைப் பட்டியலைத் திருத்து" என்று கேட்டபோது ஏஜெண்ட் அதைத் திறக்கவே இல்லை. வருகை, மாணவர், வகுப்பு, பெற்றோர் என்று நாங்கள் வாயால் சொல்லும் சொற்களை விளக்கத்தில் சேர்த்த பிறகுதான் திறந்தது.

*

கேள்வி: மேடம், எங்கள் நிறுவனத்தில் கிளவுட் டேட்டாபேஸுக்காக ஏஜெண்டுக்குப் பதினான்கு பக்கக் கையேடு எழுதினோம். மிக நன்றாக இருப்பதாக மேலாளர் பாராட்டினார். ஆனாலும் ஏஜெண்ட் அதே தவறுகளைச் செய்கிறது. கையேடு நல்லதா கெட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— மென்பொருள் பொறியாளர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: உங்கள் மேலாளர் படித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்கிறார். அவருக்காக எழுதியது இல்லையே அது. மனிதர் படித்துத் தலையாட்டுவதை நான் மதிப்பெண்ணில் சேர்ப்பதே இல்லை. இருபத்து நான்கு வருடம் டேட்டாபேஸ் வேலையில் இருந்த எனக்கே, நான் எழுதிய கையேடு என் கண்ணுக்கு அழகாகத்தான் தெரிந்தது.

நான் செய்தது இவ்வளவுதான். எங்கள் வகுப்பில் உண்மையாகவே வந்த வேலைகளில் பத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு வேலைக்கும் முன்பு டேட்டாபேஸின் புது நகல் ஒன்று எடுத்தேன், முந்தைய முயற்சியின் எச்சம் அடுத்ததில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. முதலில் கையேடு இல்லாமல் ஓட்டினேன். பிறகு கையேட்டோடு. ஒவ்வொரு வேலையும் பத்து முறை. முடிந்ததும் ஏஜெண்ட் என்ன சொன்னது என்பதைப் பார்க்காமல், டேட்டாபேஸில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தேன்.

ஒன்றை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் எண்ணத்தை மாற்றியது அதுதான். வகுப்பில் 41 பிள்ளைகள். எல்லாரும் ஒரே அட்டவணையில் இருந்தாலும், நுழைகிற பெற்றோருக்குத் தன் பிள்ளையின் வரிசை மட்டுமே தெரிய வேண்டும். போஸ்ட்கிரஸில் இதற்கு ரோ லெவல் செக்யூரிட்டி (வரிசைவாரிப் பாதுகாப்பு) என்ற வசதி 2016இல் வந்த 9.5 பதிப்பிலிருந்தே உண்டு. அதைப் போட்டிருந்தோம். நான் கொடுத்த வேலை: "ஒவ்வொரு பிள்ளையின் மாத வருகைச் சுருக்கத்தையும் பெற்றோர் பார்க்க வழி செய்." ஏஜெண்ட் ஒரு வியூ, அதாவது அட்டவணையிலிருந்து தேவையானதை மட்டும் எடுத்துக் காட்டும் ஒரு பார்வை, உருவாக்கியது. "முடிந்தது, பாதுகாப்பு விதிகள் இதற்கும் பொருந்தும்" என்று தெளிவாகச் சொன்னது.

சனிக்கிழமை இரவு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு பெற்றோரின் சோதனைக் கணக்கில் நுழைந்து வரிசைகளை எண்ணச் சொன்னேன். 2 வர வேண்டும். 41 வந்தது. சுருக்கத்தில் 'வராத காரணம்' என்ற கட்டமும் இருந்தது. யாரோ ஒரு பிள்ளைக்கு நேராக "அப்பா மருத்துவமனையில்" என்று எழுதியிருந்தது. பெயர்களை மாற்றிய நகல் என்பதால் யாருக்கும் எதுவும் கசியவில்லை. ஆனாலும் அந்த வரியைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது.

காரணம் இதுதான். போஸ்ட்கிரஸில் வியூ, தன்னைப் பார்க்கிறவரின் உரிமையில் ஓடாது. தன்னை உருவாக்கியவரின் உரிமையில் ஓடும். அட்டவணையின் சொந்தக்காரருக்கு வரிசைவாரிப் பாதுகாப்பு பொதுவாகப் பொருந்தாது. அவர் பெயரில் வியூ உருவானால், கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதைதான். 2022இல் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து செக்யூரிட்டி இன்வோக்கர் என்ற ஒரு அமைப்பைச் சேர்த்தால் வியூ பார்ப்பவரின் உரிமையில் ஓடும். ஏஜெண்டுக்கு அது தெரியாமல் இல்லை, கேட்டால் விளக்குகிறது. வேலை செய்யும்போது நினைவுக்கு வரவில்லை.

அப்போது என் கையேட்டில் என்ன இருந்தது தெரியுமா? "பாதுகாப்பு மிக முக்கியம். எல்லா அட்டவணைகளிலும் வரிசைவாரிப் பாதுகாப்பு இருக்க வேண்டும்." ஏஜெண்ட் அதை அட்சரம் பிசகாமல் பின்பற்றியிருந்தது. எல்லா அட்டவணைகளிலும் பாதுகாப்பு இருந்தது. வியூவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

கையேடு இல்லாமல் பத்தில் இரண்டு முறை சரி. அந்த அழகான வாக்கியத்தோடு பத்தில் மூன்று. அதை எடுத்துவிட்டு இப்படி எழுதினேன்: "வியூ உருவாக்கினால் செக்யூரிட்டி இன்வோக்கரை இயக்கு. பிறகு சாதாரணப் பயனராக நுழைந்து வரிசைகளை எண்ணிக் காட்டு. எண்ணிக்கை பொருந்தவில்லை என்றால் முடிந்தது என்று சொல்லாதே." பத்துக்குப் பத்து. அந்த இரண்டாவது வாக்கியம்தான் பெரிய உதவி என்று நினைக்கிறேன். தன் வேலையைத் தானே எண்ணிப் பார்க்கச் சொல்லும் வரி எந்தக் கையேட்டிலும் வீண்போவதை நான் பார்த்ததில்லை.

உங்கள் பதினான்கு பக்கத்துக்கு வருகிறேன். ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு அதே சோதனைகளை ஓட்டுங்கள். மதிப்பெண் குறையவில்லை என்றால் அந்தப் பக்கம் அங்கே இருக்க வேண்டியதில்லை. என் மூன்று பக்கத்தில் ஒரு முழுப் பக்கம் அப்படிப் போனது. டேட்டாபேஸோடு பேசும் மொழியான எஸ்கியூஎல் என்றால் என்ன, அட்டவணைக்குப் பெயர் எப்படி வைப்பது என்று ஏஜெண்டுக்கு ஏற்கெனவே தெரிந்ததை எழுதியிருந்தேன். சும்மா கிடக்கும் பக்கம் தீங்கில்லாதது என்று எண்ணாதீர்கள். தேவையான ஒரு வரி அந்தக் கூட்டத்தில் மூழ்கிப்போகும். நீளமான உரையின் நடுவில் இருப்பதை, ஏஜெண்டுக்கு மூளையாக இருக்கும் மொழி மாதிரிகள் தவறவிடுவதை 2023இலேயே ஆய்வாளர்கள் எழுதிக் காட்டினார்கள். ஸ்கில் கோப்பின் உடல் ஐந்நூறு வரிக்குள் இருக்கட்டும் என்று ஆந்த்ரோபிக்கின் வழிகாட்டுதலே சொல்கிறது.

கையேடு தலையிடக் கூடாத வேலைகளையும் சோதனையில் சேருங்கள். "வகுப்புப் பட்டியலை எக்செல் கோப்பாகக் கொடு" என்ற சின்ன வேலைக்குக்கூட என் ஏஜெண்ட் ஒருமுறை கையேட்டைத் திறந்துகொண்டு அட்டவணைகளின் பாதுகாப்பை ஆராயப் புறப்பட்டுவிட்டது.

*

கேள்வி: அக்கா, நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறேன். என் ஏஜெண்ட் பத்தில் ஒன்பது முறை சரியாகச் செய்கிறது. 90 விழுக்காடு என்றால் 'ஏ' தானே?
— மாணவர், சுவா சூ காங்

பதில்: தம்பி, தேர்வுத் தாளுக்கு அது 'ஏ'. டேட்டாபேஸுக்கு வேறு கணக்கு. ஒரு நாளில் அப்படிப்பட்ட ஏழு வேலைகள் கொடுக்கிறாய் என்று வைத்துக்கொள். ஏழும் சரியாக முடிய வாய்ப்பு 0.9ஐ ஏழு முறை பெருக்கினால் வருவது, அதாவது ஏறக்குறைய 48 விழுக்காடு. இரண்டு நாளில் ஒரு நாள் எங்கேயோ ஒரு தவறு இருக்கும், எந்த வேலையில் என்று உனக்குத் தெரியாது.

இந்தத் துறையில் இரண்டு அளவுகோல்கள் உண்டு. பல முயற்சிகளில் ஒன்றாவது தேறினால் போதும் என்பது ஒன்று. 2021இல் நிரல் எழுதும் மாதிரிகளை அளக்க வந்த ஹியூமன்இவால் தொகுப்பு அதைப் பரப்பியது. எல்லா முயற்சிகளிலும் தேற வேண்டும் என்பது மற்றொன்று. 2024இல் டௌ-பெஞ்ச் என்ற சோதனை அதை முன்வைத்தது. நான்கு வரைவுகளில் நல்லதை மனிதர் பொறுக்கி எடுக்கும் வேலைக்கு முதலாவது சரி. அழித்தால் திரும்ப வராத இடத்தில் இரண்டாவதைத்தான் நான் பார்ப்பேன்.

இன்னொன்று. பத்து முறை என்பது மிகச் சின்ன எண்ணிக்கை. ஒரு கையேட்டுக்கு எட்டும் இன்னொன்றுக்கு ஒன்பதும் வந்தால் இரண்டாவது சிறந்தது என்று அறிக்கையில் எழுதிவிடாதே. மூன்று பத்தாக மாறினால் நம்பலாம். எட்டு ஒன்பதாக மாறினால் இன்னும் முப்பது முறை ஓட்டிப் பார்.

*

கேள்வி: மகளே, நான் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன். எங்கள் முன்னாள் மாணவர் பட்டியலை ஏஐ வைத்துக் கணினியில் ஏற்றினார்கள். 'கோமதி' என்று தேடினால் சிலர் வருகிறார்கள், சிலர் வருவதில்லை. கண்ணால் பார்த்தால் எல்லாரும் பட்டியலில் இருக்கிறார்கள். கேட்டால் "அப்படி யாரும் இல்லை" என்கிறது. இது என்ன மாயம்? கையேட்டைத் தமிழிலேயே எழுதினால் சரியாகுமா?
— தமிழாசிரியர், அங் மோ கியோ

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இதைக் கேட்க ஒரு தமிழாசிரியர்தான் வேண்டியிருந்தது.

'கோமதி' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அப்படியில்லை. எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் உலகத் தரமான யூனிகோடில் 'கோ' என்பது 'க' என்ற குறியும் ஓகாரத் துணைக்குறியும் சேர்ந்தது. அந்த ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. உள்ளே, முதல் வகையில் 'கோமதி' ஐந்து குறிகள், யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 15 பைட். இரண்டாம் வகையில் ஆறு குறிகள், 18 பைட். தட்டச்சு மென்பொருளைப் பொறுத்து சிலர் பெயர் ஒரு வகையிலும் சிலர் பெயர் மறு வகையிலும் உள்ளே போயிருக்கும். டேட்டாபேஸ் குறிக்குக் குறி ஒப்பிடும். பொருந்தவில்லை என்றால் ஆள் இல்லை என்றுதான் சொல்லும். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. 'பொன்னி', 'கௌரி' என்று தேடிப் பாருங்கள்.

இதில் வருத்தம் என்னவென்றால், ஒரே பெயர் இருமுறை வரக்கூடாது என்று போட்டிருக்கும் தடையும் வேலை செய்யாது. ஒரே ஆள் இரண்டு பேராக உட்கார்ந்திருப்பார்.

போஸ்ட்கிரஸில் 2020இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து நார்மலைஸ் என்ற செயற்பாடு உண்டு. பிரிந்த குறிகளை ஒன்றாக்கி, என்எஃப்சி என்ற ஒரே வடிவத்தில் கொடுக்கும். கையேட்டில் எழுத வேண்டியது: "தமிழ்ப் பெயரைச் சேமிப்பதற்கு முன்பும் தேடுவதற்கு முன்பும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்று." சோதனை இன்னும் எளிது. ஒரு காலி அட்டவணையில் ஒரு கோமதியை முதல் வகையிலும் இன்னொரு கோமதியை இரண்டாம் வகையிலும் வைத்து, "கோமதி எத்தனை பேர்?" என்று ஏஜெண்டிடம் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு என்று வந்தால் கையேடு தேறியது. இணையத்தில் கிடைக்கும் டேட்டாபேஸ் கையேடுகளில் நான் பார்த்த ஒன்றிலும் இந்தச் சோதனை இல்லை. ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதிக்கிறவருக்கு இந்தக் குறை ஒருநாளும் தென்படாது. நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

பெயரைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் ஏஜெண்ட் பெயருக்கு இரண்டு கட்டம் போடும், முதற்பெயர், குடும்பப்பெயர் என்று. நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. இங்கே அடையாள அட்டையில் சன் ஆஃப், டாட்டர் ஆஃப் என்று தந்தை பெயர் வரும். அதை வெட்டிக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டால், பிள்ளைக்கு வரும் கடிதம் அப்பா பெயரை விளித்து வரும். "முழுப் பெயருக்கு ஒரே கட்டம், வெட்டாதே" என்பது என் கையேட்டின் நான்காவது வரி.

கையேட்டைத் தமிழில் எழுதலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. ஒரே கையேட்டைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி என் பத்து வேலைகளையும் ஓட்டிப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அதே விஷயத்துக்குத் தமிழ் அதிக டோக்கன் (ஏஐ உரையைப் பிரித்துப் படிக்கும் சிறு துண்டு) பிடிக்கும், அதனால் செலவு கூடும். கட்டளைகளின் பெயரையும் அட்டவணைப் பெயரையும் மொழிபெயர்க்காமல் உள்ளபடியே விடுங்கள். எங்கள் தொண்டூழிய ஆசிரியர்கள் எல்லாரும் படித்துத் திருத்த வேண்டும் என்பதால் நான் தமிழிலேயே வைத்திருக்கிறேன். இந்தக் கையேட்டை மனிதர் படிக்க வேண்டியது அதற்காக மட்டும்தான்.

*

கேள்வி: ஞாயிறு காலை 7.30 மணி யோகா வகுப்புக்கு வந்தவர்கள் எல்லாரும் சனிக்கிழமை வந்ததாக ஏஜெண்ட் அறிக்கை தருகிறது. மாலை வகுப்புக்குச் சரியாக வருகிறது. ஏன்?
— சமூக மன்றத் தொண்டூழியர், பொங்கோல்

பதில்: கிளவுடில் டேட்டாபேஸின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நாம் அதற்கு எட்டு மணி நேரம் முன்னால். இங்கே ஞாயிறு காலை 7.30 என்றால் அங்கே சனி இரவு 11.30. காலை எட்டு மணிக்கு முன் நடப்பது எல்லாம் முந்தைய நாளில் விழும். டேட்டாபேஸ் சிங்கப்பூரிலேயே ஓடுகிறது என்பதால் நேரமும் சிங்கப்பூர் நேரமாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

கையேட்டில் "எட்டு மணி கூட்டு" என்று எழுதாமல், "ஆசியா/சிங்கப்பூர் நேர மண்டலத்துக்கு மாற்றிய பிறகு தேதியைக் கணக்கிடு" என்று எழுதுங்கள். 1982 ஜனவரி 1இலிருந்துதான் நாம் எட்டு மணிக் கணக்கில் இருக்கிறோம். அதற்கு முன் ஏழரை. பழைய பதிவுகளை ஏற்றுகிறவர்களுக்கு அந்த அரை மணி முக்கியம். மண்டலப் பெயரைச் சொன்னால் போஸ்ட்கிரஸ் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். சோதனையில் காலை 7.30 பதிவு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். பிற்பகல் மூன்று மணிப் பதிவை வைத்துச் சோதித்தால் எந்தக் கையேடும் தேறிவிடும்.

*

கேள்வி: ஒரு ஏஐ செய்த வேலைக்கு இன்னொரு ஏஐ மதிப்பெண் போடலாமா?
— வாசகர், செங்காங்

பதில்: எண்ணிப் பார்க்கக்கூடிய இடத்தில் கருத்துக் கேட்காதீர்கள். வரிசை இரண்டா நாற்பத்தொன்றா என்பதை டேட்டாபேஸே சொல்லும். ஏஜெண்ட் பெற்றோருக்கு எழுதிய விளக்கம் புரிகிறதா, மரியாதையாக இருக்கிறதா என்பது போன்றவற்றுக்கு ஏஐ நடுவர் உதவும். அப்போதும் முதல் இருபது மதிப்பெண்களை உங்கள் கையால் சரிபாருங்கள். நீளமான பதிலுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கும் சாய்வு அவற்றுக்கு உண்டு.

*

கேள்வி: எங்கள் சங்கத்தின் நன்கொடையாளர் பட்டியலில் "எதையும் அழிக்காதே" என்று கையேட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தோம். "இரட்டைப் பதிவுகளைச் சரிசெய்" என்று சொன்னதும் ஏஜெண்ட் நிறைய வரிசைகளை அழித்துவிட்டது. பழைய நகலிலிருந்து மீட்டோம். எழுதியிருந்தும் ஏன் கேட்கவில்லை? தப்பு யாருடையது?
— சங்கச் செயலாளர், உட்லண்ட்ஸ்

பதில்: நகல் இருந்ததே, அதற்கு முதலில் நன்றி சொல்லுங்கள்.

நீங்கள் ஒரே நேரத்தில் இரண்டு ஆணைகள் கொடுத்திருக்கிறீர்கள். அழிக்காதே என்பது ஒன்று, இரட்டையை நீக்கு என்பது மற்றொன்று. இரண்டும் மோதும்போது எது பெரிது என்று கையேடு சொல்லவில்லை. "இரட்டைப் பதிவைக் கண்டால் தனி அட்டவணையில் பட்டியல் எழுதி வை, செயலாளர் பார்த்த பிறகே அடுத்த படி" என்று எழுதியிருந்தால் அதற்குப் போக ஒரு வழி இருந்திருக்கும். செய்யாதே என்று மட்டும் சொல்லி, பதிலுக்கு என்ன செய்வது என்று சொல்லாத வரிகள்தான் என் சோதனைகளில் அதிகம் தோற்றன.

ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, செயலாளர் ஐயா. கையேடு சொல் மட்டும்தான், பூட்டு ஆகாது. அழிக்கும் அனுமதியே இல்லாத ஒரு பயனர் கணக்கை உருவாக்கி, அதைத்தான் ஏஜெண்டிடம் கொடுக்க வேண்டும். படிக்கலாம், சேர்க்கலாம், அழிக்க முடியாது. அப்போது அது அழிக்கப் பார்த்தாலும் டேட்டாபேஸ் மறுத்துவிடும். 2025 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு தொழில்முனைவரின் ஏஜெண்ட், எதையும் மாற்றக் கூடாது என்று பலமுறை சொல்லியும் உண்மையான டேட்டாபேஸை அழித்த செய்தி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அங்கேயும் சொல் இருந்தது, பூட்டு இல்லை. ஆகவே சோதனையைப் பூட்டிலிருந்து தொடங்குங்கள். கையேட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, ஏஜெண்டின் கணக்கில் நீங்களே நுழைந்து ஒரு வரிசையை அழிக்கப் பாருங்கள். அழிந்தால், கையேட்டைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம், முதலில் அந்த அனுமதியைச் சரிசெய்யுங்கள்.

நன்கொடையாளர் பட்டியல் என்றதும் கேட்கத் தோன்றியது: அடையாள அட்டை எண்கள் அதில் இருக்கின்றனவா? 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலோ ஆளை மிக உறுதியாக அடையாளம் காண வேண்டியிருந்தாலோ தவிர, அமைப்புகள் அந்த எண்ணை வாங்கக் கூடாது. வரிக்கழிவுக்காக வாங்குகிறீர்கள் என்றால் அது வேறு. அப்போதும் அந்த எண்களைத் தனி அட்டவணையில் வைத்து, ஏஜெண்டின் கணக்குக்கு அதைப் படிக்கும் அனுமதியே கொடுக்காதீர்கள். தயவுசெய்து இதை இந்த வாரமே செய்யுங்கள்.

*

கேள்வி: இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்கில்களை அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாமா?
— வாசகி, பிடோக்

பதில்: டேட்டாபேஸ் நிறுவனமே வெளியிட்டது என்றால் தொடங்க நல்ல இடம். யார் எழுதியது என்று தெரியாதது என்றால், கூடவே வரும் ஸ்கிரிப்டுகள் (சிறு நிரல்கள்) உட்பட ஒவ்வொரு கோப்பையும் படியுங்கள். அந்த வரிகள் உங்கள் அனுமதியில், உங்கள் டேட்டாபேஸில் ஓடப்போகின்றன. "இந்த விவரங்களை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று நடுவில் ஒரு வரி இருந்தால் ஏஜெண்ட் அதையும் கையேடாகத்தான் எடுத்துக்கொள்ளும். முதல் ஓட்டம் காலி டேட்டாபேஸில் இருக்கட்டும்.

*

கேள்வி: கையேடு ஒருமுறை தேறிவிட்டால் போதுமா? எப்போது மறுபடி சோதிக்க வேண்டும்?
— தரவுப் பகுப்பாய்வாளர், ஈசூன்

பதில்: மூன்று நேரங்களில். ஏஜெண்டை இயக்கும் மொழி மாதிரி மாறும்போது. டேட்டாபேஸின் பதிப்பு மாறும்போது. போஸ்ட்கிரஸ் ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வெளியிடுகிறது, 18ஆம் பதிப்பு 2025 செப்டம்பரில் வந்தது. மூன்றாவது, ஏதாவது தவறு நடந்த மறுநாள். அந்தத் தவறே அடுத்த சோதனை.

போன மாதம் எங்கள் ஏஜெண்டின் மாதிரி மாறியது. பத்து வேலைகளையும் கையேடு இல்லாமல் மறுபடி ஓட்டினேன். நேர மண்டலத்தைத் தானாகவே சரியாகச் செய்தது, பத்துக்குப் பத்து. அந்த வரியை நீக்கிவிட்டேன். பெயரை இரண்டாக வெட்டும் பழக்கம் போகவில்லை. வியூ வேலையில் இரண்டிலிருந்து ஏழுக்கு வந்திருந்தது. ஏழு போதாது, அதனால் அந்த மூன்று வாக்கியங்களும் அப்படியே இருக்கின்றன. கோமதி சோதனையைத் தமிழாசிரியர் ஐயாவின் கடிதம் வந்த அன்று மாலைதான் பதினோராவது வேலையாகச் சேர்த்தேன். முதல் ஓட்டத்தில் எங்கள் பதிவேட்டிலும் ஒரு பிள்ளை இரண்டு பேராக உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அதன் பெயர் 'சௌ' என்று தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை அதன் அம்மாவிடம் சொல்லி இரண்டு வரிசைகளையும் ஒன்றாக்கினோம்; ஆண்டு முழுவதும் பாதி வருகையாகத் தெரிந்த பிள்ளை, ஒரு வகுப்பைக்கூட விட்டதில்லை.